மலையடிவாரத்துப் பாட்டியின் கோயில்



ஜூலை மாதம் நெருங்கும்போது நம் தோட்டப்புறங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழும். "இந்த வருஷம் மலைக்குப் போகிறீர்களா?" என்று ஒரு வீட்டார் அடுத்த வீட்டாரைக் கேட்பார்கள். எந்த மலை என்று எவரும் திருப்பிக் கேட்பதில்லை. தைப்பூச மாதத்தில் மலை என்றால் பத்துமலை. ஜூலையில் மலை என்றால், கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு அது புக்கிட் மெர்தாஜாம். அங்கே மலையடிவாரத்தில் இருக்கும் புனித அன்னம்மாள் திருத்தலத்தைப் பற்றித்தான் இன்று பேசவிருக்கிறோம். அந்தத் தலம் எப்படி உண்டாயிற்று, அங்கே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியவை எவை, தோட்டத்துக் குடும்பம் ஒன்று கடன்படாமலும் துன்பப்படாமலும் அங்கே போய்வருவது எப்படி என்பவை இன்றைய பேச்சில் வரும். மற்றச் சமயத்து நேயர்களும் கேட்கலாம். இது நம்மவர்கள் அனைவரின் கதையோடும் பின்னிக் கிடக்கும் கதை.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுவோம். பினாங்கு மாநிலத்தில் கடலுக்கு இப்பால், பெருநிலப் பக்கத்தில் உள்ள செபராங் பிறையில் இருக்கிறது புக்கிட் மெர்தாஜாம். ஊருக்கு அந்தப் பெயரைக் கொடுத்ததே அதன் மலைதான். காடு அடர்ந்த அந்த மலையின் அடிவாரத்தில் செரோக் தோக் குன் என்ற பகுதியில் திருத்தலம் அமைந்திருக்கிறது. ஷா ஆலமில் வசிக்கும் எங்களுக்கு அது நெடுந்தூரப் பயணம். முன்பெல்லாம் பழைய சாலை வழியே லாரியிலும் வாடகை பஸ்ஸிலும் இரவு முழுவதும் பயணம் செய்தவர்கள் உண்டு. 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையடைந்த பிறகு பயணம் எளிதாயிற்று. இப்போது பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையத்தில் மின்சார ரயில் ஏறினால், நான்கு மணி நேரத்துக்குக் கூடக்குறைய புக்கிட் மெர்தாஜாம் நிலையத்தில் இறங்கிவிடலாம்.

இனி, அன்னம்மாள் யார் என்பதைப் பார்ப்போம். மரியன்னையைப் பெற்றெடுத்த தாய். அப்படியானால் இயேசுபிரானுக்குப் பாட்டி. அவருடைய கணவர் பெயர் சுவக்கீன். பைபிளில் இவர்களுடைய பெயர்கள் இல்லை. தொடக்ககாலக் கிறித்தவர்கள் எழுதிவைத்த வேறு நூல்களின் வழியாகவும், வழிவழி வந்த மரபின் வழியாகவும்தான் இந்தப் பெயர்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. இருவருக்கும் திருநாள் ஜூலை 26. தாய்மார்களுக்கும் பாட்டிமார்களுக்கும் அன்னம்மாள் பாதுகாவலி என்று கத்தோலிக்க மக்கள் நம்பி வருகிறார்கள்.

பாட்டி என்ற உறவின் அருமை தோட்டத்து மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விடியுமுன் பிரட்டுக்குப் பேர் கொடுத்துவிட்டுத் தாயும் தகப்பனும் பால்மரம் வெட்டப் போய்விடுவார்கள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் ஆயாக்கொட்டகையில் விடுவது பாட்டி. சில வீடுகளில் அந்த ஆயாவே பாட்டிதான். தூளியாட்டியதும், வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டியதும், சாமி கும்பிடக் கற்றுக் கொடுத்ததும் அவர்தான். ஆகவே, ஒரு பாட்டியின் பெயரால் அமைந்த கோயிலுக்கு நம் மக்கள் ஆண்டுதோறும் திரண்டு போவதில் வியப்பு ஒன்றுமில்லை.

உலகின் பல பகுதிகளிலும் இந்தப் பாட்டிக்குக் கோயில்கள் இருக்கின்றன. பிரான்ஸ் நாட்டின் பிரித்தானி வட்டாரத்தில் ஓரே என்னும் ஊரருகே பெரிய திருத்தலம் ஒன்று உண்டு. 1620களில் நிக்கொலாசிக் என்ற உழவர் அன்னம்மாளைக் காட்சியில் கண்டதாகச் சொன்னதை ஒட்டி எழுந்தது அது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில், 1658இல் தொடங்கிய கோயில் ஒன்று இருக்கிறது. இலங்கையின் மேற்குக் கடற்கரையில், கற்பிட்டிப் பக்கத்தில் உள்ள தலவில அன்னம்மாள் கோயிலுக்குத் தமிழரும் சிங்களவரும் சேர்ந்தே போகிறார்கள். இந்த வரிசையில் வைத்துப் பேசத் தக்கது நம் புக்கிட் மெர்தாஜாம்.

அதன் வரலாற்றுக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்த மலையடிவாரத்தில் காடு திருத்திப் பயிர் செய்ய வந்தவர்களில் சீனக் கத்தோலிக்கர்களும் இருந்தார்கள். அவர்களைப் பார்த்துப் போக பிரெஞ்சுக் குருக்கள் வந்தார்கள். 1846இல் மலைப்பக்கத்தில் சிறிய கோயில் ஒன்று எழுந்தது. மக்கள் பெருகப் பெருக அது போதவில்லை. 1888இல் இன்னொரு கோயில் கட்டினார்கள். இன்றும் மலைச்சரிவை ஒட்டி நிற்கும் பழைய கோயில் அதுதான். அதன் படிகளில் நின்று பாருங்கள். இந்நாட்டின் ரப்பர் தோட்டங்கள் பெருகி, நம் பாட்டன் பூட்டன்மார் கூட்டங்கூட்டமாக வந்து இறங்குவதற்கு முன்பே கட்டப்பட்ட படிகள் அவை.

நம்மவர்கள் வந்த வழியையும் இங்கே சொல்ல வேண்டும். தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆற்காடு என்று பல மாவட்டங்களிலிருந்தும் கங்காணிமாரோடு புறப்பட்டு வந்தவர்களில் பலர் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார்கள். 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் இந்தக் கடலில் ஓடிய ரஜூலா கப்பலைத் தெரியாத பெரியவர்கள் இருக்க மாட்டார்கள். நாகப்பட்டினத்துக்குக் கொஞ்ச தூரத்தில்தான் வேளாங்கண்ணி. கத்தோலிக்கர்கள் அங்கே வேண்டிக்கொண்டு கப்பல் ஏறினார்கள். இந்துக்கள் தங்கள் குலதெய்வத்துக்குக் காசு முடிந்து வைத்துவிட்டு ஏறினார்கள். இங்கே வந்த பிறகு வேளாங்கண்ணியும் எட்டாத தூரம், குலதெய்வமும் எட்டாத தூரம். லயத்துப் பக்கத்தில் ஒரு மாரியம்மன் கோயில் எழுந்ததும், கத்தோலிக்கக் குடும்பங்கள் அன்னம்மாள் மலையைத் தேடிப் போனதும் அந்தத் தூரத்தை ஆற்றிக்கொள்ளத்தான் என்று நாங்கள் எண்ணுகிறோம்.

திருத்தல வளாகத்தில் இன்னும் ஒன்று இருக்கிறது. தமிழர்கள் அவசியம் பார்க்க வேண்டியது அது. ஒரு பெரிய பாறை. அதன்மேல் பழைய எழுத்துகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. 1845இல் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி அதைக் கண்டு உலகுக்குச் சொன்னார். அந்த எழுத்து பல்லவர் எழுத்து, மொழி சமஸ்கிருதம். காஞ்சிபுரத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்டார்களே, அந்தப் பல்லவர் காலத்து எழுத்து முறைதான். பாறையெழுத்தின் வயது ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். கெடாவில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கின் பழங்கோயில்களும் இங்கிருந்து வெகுதூரமில்லை. ரப்பருக்காகக் கப்பல் ஏறுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நம் பக்கத்து எழுத்து இந்த மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பிள்ளைகளை அந்தப் பாறைக்கு முன் நிறுத்தி இதைச் சொல்லுங்கள். பள்ளிப் பாடத்தில் படிப்பதைவிட நன்றாக மனத்தில் நிற்கும்.

இந்தத் திருத்தலம் மூடிக்கிடந்த காலமும் உண்டு. 1948 முதல் 1960 வரை இந்நாட்டில் அவசரகாலம் நடந்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு வெளியிலிருந்து உணவும் உதவியும் போகாமல் தடுக்க அரசாங்கம் கடுமையான நடவடிக்கைகள் எடுத்தது. காட்டோரங்களில் வாழ்ந்தவர்களில் ஏறத்தாழ 5 இலட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். தோட்டங்களிலும் சிதறிக் கிடந்த லயங்களை ஒரே இடத்தில் சேர்த்து முள்கம்பி வேலி போட்டார்கள். மரம் வெட்டப் போகிறவர் மத்தியானச் சோற்றைக்கூடக் காட்டுக்குக் கொண்டுபோக முடியாமல் இருந்த நாள்களை மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தக் காலத்தில் இந்த மலைப்பகுதி கறுப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. கோயிலைச் சுற்றியிருந்த குடிகள் வெளியேற்றப்பட்டார்கள். காடு வளர்ந்து கோயிலை நெருங்கியது.

அப்படியும் அன்னம்மாள் பக்தி அற்றுப்போகவில்லை. அவசரகாலம் முடிந்து வழி திறந்தபோது மக்கள் மீண்டும் வந்தார்கள். பழைய கோயில் பழுது பார்க்கப்பட்டது. திருநாள் ஆண்டுக்கு ஆண்டு பெருகியது. 2002இல் வளாகத்தில் புதிய பெரிய ஆலயம் எழுந்தது. 2019இல் போப்பாண்டவர் இந்தத் தலத்துக்குச் சிறு பசிலிக்கா என்ற தகுதியை வழங்கினார். வேளாங்கண்ணிக்கு 1962இல் கிடைத்த அதே தகுதிதான் இது. 2020இல் பெருந்தொற்று வந்து மக்கள் கூடமுடியாமல் போயிற்று. அதுவும் கடந்தது. இப்போது ஜூலைத் திருநாள் காலத்தில் வருபவர்களின் தொகை இலட்சத்தைத் தாண்டுகிறது. தமிழ், சீனம், ஆங்கிலம், மலாய் ஆகிய மொழிகளில் திருப்பலியும் நவநாள் வழிபாடும் நடக்கின்றன. மெழுகுவர்த்தி ஏந்திய இரவுப் பவனியில் கத்தோலிக்கர் அல்லாதவர்களும் நடந்து வருவதைக் காணலாம்.

நேயர்களே, ஷா ஆலமில் இருந்துகொண்டு நாங்கள் ஏன் இந்தக் கதையைச் சொல்கிறோம்? 1978இல் சிலாங்கூரின் தலைநகரான இந்த ஊர், ஒரு காலத்தில் சுங்கை ரெங்கம் பக்கத்துத் தோட்டக்காடு. இன்று மாடிகளும் தொழிற்சாலைகளும் நிற்கும் இடங்களில் முன்பு ரப்பரும் செம்பனையும் நின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கு நெடுகிலும் இப்படித்தான். தோட்டம் விற்கப்பட்டது, துண்டாடப்பட்டது, ஊராயிற்று. ஒரே லயத்தில் சுவருக்குச் சுவர் வாழ்ந்தவர்கள் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்தார்கள். ஒருவர் கிள்ளானில் அடுக்குவீட்டில். ஒருவர் ஜொகூரில் மகனோடு. ஒருவர் இன்னமும் பேராக்கில் செம்பனைத் தோட்டத்தில். பிரிந்தவர்கள் கூடுவதற்கு ஓர் இடமும் ஒரு நாளும் வேண்டாமா?

எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் நாற்பது பேர் வாடகை பஸ்ஸில் போனோம். எங்களோடு ஒரு பாட்டியம்மாள் வந்தார். முப்பது ஆண்டு பால்மரம் வெட்டியவர். பிறகு ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்தவர். இரவுப் பவனியின்போது கூட்டத்தில் அவரைத் தவறவிட்டுவிட்டோம். அவரிடம் கைத்தொலைபேசி இல்லை. பஸ் நிற்கும் இடத்தின் அடையாளமும் அவருக்குத் தெரியாது. இரண்டு மணி நேரம் தேடினோம். ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிடச் செய்தோம். அவருடைய மகள் அழுத அழுகையை இன்றும் மறக்க முடியவில்லை.

கடைசியில் பழைய கோயில் படியில் கண்டோம். அவர் பக்கத்தில் இன்னொரு மூதாட்டி. இருவரும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் இருபது ஆண்டு இருந்தவர்களாம். தோட்டம் விற்றபோது பிரிந்தவர்கள் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளவே இல்லை. பவனியில் யாரோ ஜெபமாலை சொல்லும் குரல் கேட்டு, "இது நம்ம பக்கத்து வீட்டு அக்கா குரலாச்சே" என்று எங்கள் பாட்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போயிருக்கிறார். நாங்கள் தேடி வந்ததைக்கூட அவர்கள் கவனிக்கவில்லை. யார் யார் இருக்கிறார்கள், யார் யார் போய்விட்டார்கள் என்று ஒவ்வொரு வீடாக லயத்தைக் கணக்கெடுத்துக் கொண்டிருந்தார்கள்.

அடுத்த ஆண்டு அந்த அக்கா வரவில்லை. எங்கள் பாட்டி அதே படியில் உட்கார்ந்து வெகுநேரம் காத்திருந்தார். பிறகு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு எழுந்தார். முந்திய ஆண்டு இருவரின் விலாசத்தையும் எழுதி மாற்றிக் கொடுக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே என்ற வருத்தம் எங்களுக்கு இன்றும் இருக்கிறது.

இந்த அனுபவத்திலிருந்து நாங்கள் கற்றுக்கொண்டவற்றை உங்களுக்குச் சொல்கிறோம்.

முதலாவது, பணம். திருயாத்திரைக்காக வட்டிக்குக் கடன் வாங்காதீர்கள். நேர்ச்சையை இந்த ஆண்டே செலுத்த வேண்டும் என்ற பதற்றத்தில் கடன் வாங்கி, அடுத்த தீபாவளி, கிறிஸ்மஸ் வரைக்கும் வட்டி கட்டி அழுத குடும்பத்தை எங்களுக்குத் தெரியும். பிள்ளையின் பள்ளிச் செலவைப் பறித்துக்கொண்டு செலுத்தும் நேர்ச்சையை எந்தப் பாட்டிதான் விரும்புவார்? திருநாளுக்கு நாற்பது வாரங்களுக்கு முன்பே ஓர் உண்டியல் வையுங்கள். சம்பளம் வாங்கியதும் வாரத்துக்குப் பத்து வெள்ளி என்று அதில் போட்டால் நானூறு வெள்ளி சேரும். பல குடும்பங்கள் சேர்ந்து பஸ் எடுத்தால் செலவு குறையும். அப்படி எடுக்கும்போது வசூலித்த தொகையையும் செலவையும் ஒரு நோட்டில் எழுதி எல்லாருக்கும் காட்டிவிட வேண்டும். வீண் மனத்தாங்கல் வராது.

இரண்டாவது, நாள். திருநாளன்றுதான் போக வேண்டும் என்பதில்லை. கோயில் ஆண்டு முழுவதும் இருக்கிறது. நடக்க முடியாதவர், கைக்குழந்தைக்காரி, நெரிசலைத் தாங்காதவர் ஆகியோரைக் கூட்டமில்லாத நாளில் அழைத்துப் போங்கள். நிதானமாக உட்கார்ந்து கும்பிட்டுவிட்டு வரலாம். பள்ளி விடுமுறையும் ஆண்டில் பலமுறை வருகிறது.

மூன்றாவது, பாதுகாப்பு. ஒவ்வொரு முதியவர் சட்டைப்பையிலும் ஒவ்வொரு குழந்தை பையிலும் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு இருக்கட்டும். போய் இறங்கியதும், தவறிப்போனால் கூடவேண்டிய இடம் இதுதான் என்று காட்டிவிடுங்கள். சிலுவைப்பாதை மேடான வழி. மழை பெய்தால் வழுக்கும். வழுக்காத செருப்பு வேண்டும். மூட்டுவலிக்காரர் முழுவதும் ஏறவேண்டிய கட்டாயமில்லை. அடிவாரத்தில் நின்று வேண்டினாலும் போதும். நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்கள் மருந்தை மறக்காமல் கொண்டுபோக வேண்டும். குடிநீரும் நேரத்துக்குச் சாப்பாடும் அவர்களுக்கு அவசியம். மெழுகுவர்த்தி ஏந்தும் பிள்ளைகள் முன்னால் போகிறவரின் தலைமயிருக்கும் சேலைத் தலைப்புக்கும் நெருப்புப் படாதபடி எட்டி நடக்கட்டும்.

நான்காவது, நோயும் வேண்டுதலும். நோயாளிக்காக வேண்டிக்கொள்வது நம் வழக்கம். நல்ல வழக்கம். ஆனால் மலைக்குப் போகிறோமே என்று மருத்துவமனைக்குப் போகும் நாளைத் தள்ளிப்போடக் கூடாது. திருத்தலத்திலிருந்து தண்ணீர் கொண்டுவருகிறவர்கள் உண்டு. அதை மருந்துக்குப் பதிலாகக் கொடுக்காதீர்கள். வேண்டுதலும் நடக்கட்டும்; டாக்டர் சொன்ன மருந்தும் நடக்கட்டும்.

ஐந்தாவது, துப்புரவு. சாப்பிட்ட பொட்டலத்தையும் தண்ணீர்ப் புட்டியையும் அங்கே போட்டுவிட்டு வருவது நமக்கு இழுக்கு. பஸ்ஸில் ஒரு பெரிய பை வைத்திருந்து அதில் சேர்த்து எடுத்து வாருங்கள். பழைய பாறையின் மேல் ஏறுவதும் பெயர் கிறுக்குவதும் வேண்டாம். ஆயிரம் ஆண்டுக்கு மேல் நின்ற எழுத்தை நம் பிள்ளைகளின் ஆணி கெடுத்தது என்ற பேச்சு வரக்கூடாது.

கடைசியாக ஒன்று. புறப்படும்போது ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பழைய தோட்டத்து ஆள் யாரையாவது கண்டால் அவர் பெயர், இப்போது இருக்கும் ஊர், தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். நம் தோட்டத்தின் பெயரையும் அதில் எழுதுங்கள். எந்த டிவிஷன், எத்தனை லயம், கோயில் எங்கே இருந்தது, பள்ளிக்கூடம் எங்கே இருந்தது என்று பாட்டியைக் கேட்டு எழுதுங்கள். பல தோட்டங்களின் பெயர் இன்று வரைபடத்திலும் இல்லை. அவை இருப்பது பாட்டிமாரின் நினைவில்தான். மலைக்குப் போய்வரும் பஸ்ஸில் போக ஒரு பொழுது, வர ஒரு பொழுது என்று இதற்கு வேண்டிய நேரம் இருக்கிறது. எழுதும் வேலையைப் பள்ளியில் படிக்கும் பிள்ளையிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

ஆகவே நேயர்களே, அடுத்த ஜூலையில் மலைக்குப் போக நினைப்பவர்கள் இன்றே உண்டியலை எடுத்து வையுங்கள். பஸ்ஸில் இடம் பிடிக்கும்போது முதல் இடத்தைப் பாட்டிக்குப் பிடியுங்கள். "எனக்கு எதற்கு, நீங்கள் போய் வாருங்கள்" என்றுதான் அவர் சொல்வார். அதை நம்பி விட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். அவர் கண்டு பேச வேண்டியவர் ஒருவர் அந்தக் கூட்டத்தில் எங்கேயாவது காத்திருக்கலாம்.